சூர்மோன் பஸ்ஸும் அண்ணனுக்குப் பிடித்துவைத்த அறையும்

அன்புத் தங்கை பார்லாவுக்கு,

சூர்மோனிலிருந்து துமாஷ் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி இன்னும் இறங்கவில்லை, ஆடுகள் இறங்கிவிட்டன.

முதலில் உறுதியான செய்தி. டிசம்பரில் தொடங்கும் புதிய கால அட்டவணையிலும் எங்கள் பஸ் இருக்கிறது. சொன்னவள் ஓட்டுநர் நேசா. இன்று காலை, இன்ஜினை அணைக்காமல், ஜன்னல் வழியாகச் சொன்னாள். பணிமனைச் சுவரில் ஒட்டியிருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாளாம். ஆகவே பிளாசி அண்ணனுக்காக நீ சூரிச்சில் பிடித்துவைத்திருக்கும் முதியோர் இல்ல அறையை விட்டுவிடலாம். வாரத்தில் மூன்று நாள் அவர் டயாலிசிஸுக்குக் கீழே போய் வர வேண்டும். அவரால் வண்டி ஓட்ட முடியாது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு நானும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பஸ் இருந்தால் அவர் தன் வீட்டில் இருப்பார். செய்திக்குக் காத்திராமல் நேற்றே குளிர்காலத்துக்கு விறகு அடுக்கத் தொடங்கிவிட்டார்.

பஸ் எப்படிப் பிழைத்தது என்று நீ கேட்பாய். கேட்காமலிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனாலும் பத்திரிகையில் இருந்தவன் பாதியில் நிறுத்தக் கூடாது என்பதால் எழுதுகிறேன். செப்டம்பரில் பஸ் பயணிகள் கணக்கெடுப்பு என்று பஸ் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. இந்த பஸ் எங்களுக்காக ஓடவில்லை என்பதும், கடைசி நிறுத்தமான சூர்மோனில் தொடங்கும் மலைப் பாதைகளுக்காக, அங்கே நடக்க வருகிறவர்களுக்காகத்தான் ஓடுகிறது என்பதும் அதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. நடக்க வருகிறவர்கள் போதவில்லை என்றால் பஸ் நின்றுவிடும். கடைக்கார ஓன்னா அன்று மாலையே எல்லாரையும் கூப்பிட்டு, "நடக்கிறவங்க வரலைன்னா நாமளே நடக்கிறவங்க ஆயிடுவோம். யார் வீட்ல தொப்பி இருக்கு, யார் வீட்ல கைத்தடி இருக்கு, கொண்டாங்க" என்றாள். திட்டம் சுலபமானது. கீழ்க் கிராமத்துக்கு நடந்து இறங்க வேண்டும், பஸ்ஸில் ஏறி மேலே வர வேண்டும், வேறு தொப்பி போட்டுக்கொண்டு மறுபடி இறங்க வேண்டும். இறங்கும் பாதை முழங்காலுக்கு ஆகாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கணக்கெடுக்க வந்தவர் பெயர் ஹெகி. நல்ல மனிதர், எங்கள் கஷ்டமே அதுதான். முதல் நாள் கடைசி நிறுத்தத்தில் அவரும் எங்களோடு இறங்கி, "எந்தப் பாதையில போறீங்க? அடுத்த பஸ் வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு, நானும் கொஞ்ச தூரம் வரேன்" என்றார். மஞ்சள் வழிகாட்டிப் பலகையைப் பார்த்து ஓன்னா வாய்க்கு வந்ததைப் படித்தாள்: ஏரிப் பாதை. பார்லா, நாம் பிறந்து வளர்ந்த ஊர் இது; மாடு தொலைந்தாலொழிய அங்கே யாரும் ஏறியதில்லை. பாறைகளில் தீட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் குறிகளைப் பார்த்து ஏறினோம். ஓன்னாவின் பூட்ஸ் அவள் கடையிலிருந்தே எடுத்தது. பாதி வழியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். பழைய தச்சர் லூத்சி, பேரனின் மஞ்சள் மழைக்கோட்டில், எங்களில் மூத்தவர், முன்னால் போனார். ஏரிக்கரையில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதைப் பாக்கவா ஹாலந்துலேருந்து வராங்க? தண்ணிதானே?" என்றார். ஹெகி சிரித்தார். "வெளியூரா நீங்க?" என்று கேட்டார். "ரொம்ப தூரம்" என்றார் லூத்சி.

மறுநாள் பஸ் மேலே வந்து நின்றது. எல்லாரும் இறங்கினோம், லூத்சி இறங்கவில்லை. நெற்றியை ஜன்னலில் சாய்த்தபடி இருந்தார். ஓன்னா அவர் கையைத் தொட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். "துமாஷ் அண்ணா, லூத்சி போயிட்டாரு." நான் ஹெகியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். "சும்மா இருங்க. டாக்டர் கீழதானே இருக்காரு? எப்படியும் கீழ போய்த்தான் ஆகணும்" என்றாள். படியில் நின்றபடி ஹெகி, "பெரியவர் இறங்கலையா?" என்று கேட்டார். "அவருக்கு மனசில்லையாம். அப்படியே கீழ போறாராம்" என்றாள் ஓன்னா. ஹெகி ஆள் எண்ணும் தன் கருவியில் ஒருமுறை தட்டினார். நேசா கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். நான் லூத்சியின் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வளைவுகளில் அவள் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. மேலே வரும்போது சிற்றாலய வளைவுக்கு முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆக, கணக்கில் லூத்சி உயிரோடு ஏறினார், செத்து இறங்கினார், இரண்டும் செல்லுபடியாயின.

அடக்கம் சனிக்கிழமை, நம் தேவாலயத்தில். கணக்கெடுப்பின் கடைசி நாளும் அதுதான். லூத்சியின் சொந்தக்காரர்கள் கறுப்பு உடையில், எங்கள் ஆட்கள் கைத்தடிகளுடன், போதாததற்கு நிஜமாகவே நடக்க வந்த ஹாலந்துக் குடும்பம் ஒன்று. நின்று பயணம் செய்ய அனுமதியில்லாத சாலை என்பது உனக்குத் தெரியும். கீழ்க் கிராமத்தில் பஸ் நிரம்பி நின்றபோது, டயாலிசிஸ் முடிந்து, வெளுத்துப்போய், மழையில் வந்து சேர்ந்தார் பிளாசி அண்ணன். இடம் இல்லை. கைத்தடிகளிலும் பைகளிலும் கால் சிக்கி நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வருவதற்குள் கதவு மூடிவிட்டது. "விடுங்கண்ணா, அடுத்த பஸ்ல வந்தா அதுலயும் ஒரு ஆளு கூடும்" என்றாள் ஓன்னா. யாருக்காக இத்தனையும் செய்தோமோ அவர் ஒருவரைத்தான் விட்டுவிட்டு வந்தோம். ஹெகி நிறுத்தத்திலேயே இறங்கி நின்று, ஏற முடியாதவர்களிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையை ஓங்கி அவரிடம் கத்தியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது, காதில் விழவில்லை. அண்ணன் அடுத்த பஸ்ஸில் மேலே வந்தபோது லூத்சியின் மேல் மண் போட்டாகிவிட்டது. பள்ளி நாள் முதலான சிநேகிதன். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். என்னோடு பேசவில்லை.

இப்போது பேசுகிறார், விறகைப் பற்றி மட்டும். போகட்டும், பஸ் பிழைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். ஓன்னா உனக்குக் கொட்டைக் கேக் ஒன்று கட்டித் தந்திருக்கிறாள். கடவுள் உங்கள் முழங்கால்களைக் காப்பாராக.

உன் அன்பு அண்ணன்
துமாஷ்

பின்குறிப்பு: கடிதத்தைக் கொடுக்க நிறுத்தத்துக்குப் போனேன். இம்முறை நேசா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். அட்டவணையில் பஸ் இருப்பது உண்மை; எதுவரை போகிறது என்பதை அவள் படிக்கவில்லை. ஹெகியின் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்திருந்தாள். எதிர்பாராத கூட்டம் என்று எழுதியிருக்கிறார். ஆகவே பெரிய பஸ். பெரிய பஸ் சிற்றாலய வளைவில் திரும்பாது. ஆகவே கீழ்க் கிராமம்தான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து ஏரிக்கு அழகான புதிய நடைபாதை குறிக்கப்படும், வழியில் சூர்மோன் என்ற சிறிய ஊரையும் பார்க்கலாம் என்கிறது அறிக்கை. முடிவில், நிறுத்தத்தில் விடப்பட்ட ஒரு பயணியின் வார்த்தை அப்படியே தரப்பட்டிருக்கிறது: "பெரிய பஸ்ஸா விடச் சொல்லுங்கய்யா!"

அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "அது நான் சொன்னதா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதிக்கிட்டாரா! இத்தனை வருஷம் பேப்பர்ல இருந்தியே, நான் சொன்னதுல ஒன்னையாவது போட்டிருக்கியாடா?" என்று கேட்டுவிட்டு விறகடுக்கப் போய்விட்டார்.

வளைவை அளக்கச் செவ்வாய்க்கிழமை ஆள் வருகிறார், பஸ்ஸில்தான். பஸ் காலியாக இருந்தால் பெரிய பஸ் தேவையில்லை என்று அவர் எழுதுவாராம். அன்று ஊரில் ஒருவரும் பஸ் ஏறக் கூடாது என்பது ஓன்னாவின் உத்தரவு. செவ்வாய் அண்ணனின் மருத்துவமனை நாள். அவர் மட்டும் ஏறுவார். பஸ் இனி மேலே வருமா என்ற முடிவு வெள்ளிக்கிழமை மதியப் பஸ்ஸில் வரும் என்கிறாள் நேசா. அதுவரை அந்த அறையை விட்டுவிடாதே.