ஒரே பொத்தானில் உலக இசை

பாடுவதற்கு ஒருவர் போதும். ஆனால் அவருக்குப் பின்னால் வாசிக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் நிலையில் கிடைப்பது அரிது. இந்தப் பெருங்குறையைத் தீர்க்கவே ‘பக்கத்துணை’ என்ற மென்பொருள் பிறந்தது. கைபேசியில் திறந்தால் மேளம், கீபோர்டு, கிட்டார் எல்லாம் கைகட்டிக் காத்திருக்கும். நீங்கள் பாட, அவை வாசிக்கும். சண்டை போடாது, தேநீர் கேட்காது.

அதைத் தயாரித்த அலுவலகத்தில் நம்மவர் ஒருவர் இருந்தார். ‘பயனர் அனுபவ இடைமுக எளிமையாக்கப் பிரிவின் முதுநிலை ஒருங்கிணைப்புப் பொறுப்பாளர்’ என்பது பதவி. விசிட்டிங் கார்டின் முன்பக்கத்தில் அடங்காமல் பின்பக்கமும் போயிற்று. எல்லாரும் அவரை எளிமையார் என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

எளிமையாருக்குப் பாட வராது. குளியலறையில்கூட முணுமுணுத்தவர் அல்ல. அதையே தகுதியாகச் சொல்லிக்கொள்வார்: “பாடத் தெரிஞ்சவன் இந்த வேலைக்கு வந்தா பாடறவங்க வசதியைப் பார்ப்பான். அப்புறம் எளிமையை யார் பார்க்கறது?”

அவர் இந்தப் பதவிக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் பக்கத்துணையின் கருத்துப் பக்கத்தில் குறை, கேள்வி, யோசனை, பாராட்டு என்று தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. எதை அமுக்குவது என்று மக்கள் குழம்பினார்கள். எளிமையார் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ‘நன்றி’ என்ற ஒரே பொத்தானை வைத்தார். அன்றோடு புகார்கள் நின்றுபோயின. அடுத்த மாதமே பதவி உயர்வு வந்தது.

வீட்டில் பாடுகிறவள் அவர் மனைவி. பள்ளியில் சரித்திரம் நடத்துகிறவள். ஆண்டு விழா என்றால் அவள் பாட்டு இல்லாமல் திரை விழாது. போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் திரும்பி வந்தது, ஆனால் இரண்டு படி இறங்கி வந்தது. அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் பாடவில்லை. இந்த வருடம் தலைமையாசிரியர் விடாமல் கேட்க, சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து பயம். காலையில் எளிமையார் நடைப்பயிற்சிக்குப் போனதும், பக்கத்துணையைத் திறந்து சுருதியை இரண்டு படி குறைத்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பாள். தொண்டை கட்டிய நாளில் மூன்று படி.

இது எளிமையாருக்குத் தெரியாது. ஒரு நாள், “குரல் எப்படி இருக்கு?” என்று கேட்டார். “இருக்கு” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சும் எளிமையாகிவிட்டது.

இப்படி இருக்கையில், போட்டி நிறுவனம் மூன்றே பொத்தான் உள்ள மென்பொருளை வெளியிட்டுவிட்டது. மேலாளர் அம்மா அவசரக் கூட்டம் போட்டார்.

“அவங்களுக்கு மூணு. நமக்கு எத்தனை?”

“நிறைய இருக்கு மேடம்” என்றாள் கணக்கெடுக்கும் பெண். அவளுக்கு அலுவலகத்தில் புள்ளிவிவரம் என்றே பெயர்.

“எனக்கு ஒண்ணு போதும்.”

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை அங்கே தொடங்கியது. தாளம் தேர்ந்தெடுக்கும் பொத்தான் முதலில் போயிற்று. தான் எந்தத் தாளத்தில் பாடுகிறோம் என்று பாடுகிறவருக்கே தெரியாதபோது அவரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தலாகாது என்று தீர்மானம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான், மக்களை அவசரப்படுத்துகிறது என்பதால் போயிற்று. ஒலி அளவு, பாட்டின் நடுவே கைதவறிக் குறைந்துவிடக் கூடாது என்று பூட்டப்பட்டது.

“நிறுத்தற பட்டன்?” என்றார் மேலாளர் அம்மா.

எளிமையார் எழுந்தார். இந்தக் கேள்விக்காகவே வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். “ஆரம்பிக்கும்போதே நிறுத்தற பட்டனைக் காட்டறது பாடறவரை அவமானப்படுத்தறது மாதிரி மேடம். பாட்டு முடிஞ்சா அமைதியாயிடும். அமைதியானா அது தானா நின்னுடும். குரல் கேட்டா வாசிக்கும். இதைவிட மரியாதை என்ன இருக்கு?”

“பக்கத்துல குழந்தை அழுதா?” என்று கேட்டாள் புள்ளிவிவரம்.

“அழுகையும் இசைதான்” என்றார் மேலாளர் அம்மா. இது கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று.

கடைசியாக மிஞ்சியது சுருதி குறைக்கும் பொத்தான். முந்தைய எளிமையாக்கத்தின்போது எளிமையாரே அதை மூன்றாம் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்.

“இதை விடாம அமுக்கறது ஒரே ஒருத்தர்தான் சார்” என்றாள் புள்ளிவிவரம். “காலையில வராங்க. தேடிப் பிடிச்சு ரெண்டு படி குறைக்கறாங்க. சில நாள் மூணு.”

“மூணா? கிணத்துக்குள்ள இறங்கிப் பாடறாங்களா?” என்றார் எளிமையார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மூச்சைப் பிடிச்சுப் பாடச் சொல்லுங்க!”

அறையே சிரித்தது. மேலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பொத்தான் சிரிப்போடு சிரிப்பாகப் போயிற்று. நடுத்திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு வட்டம் மிஞ்சியது. ‘ஒரே பொத்தானில் உலக இசை’ என்று விளம்பர வாசகமும் எழுதினார்கள்.

புதிய வடிவம் முதலில் அலுவலர் வீடுகளுக்கு வந்தது. அன்றைக்குத்தான் ஆண்டு விழா. மனைவிக்கு ஓர் இன்ப அதிர்ச்சி தர வேண்டும் என்று எளிமையாருக்கு ஆசை. மத்தியானம் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது அவள் கைபேசியை எடுத்து, பழையதை அழித்துப் புதியதை ஏற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்கள். இவர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து பொருத்தினார்.

சாயங்காலம் அரங்கு நிறைந்திருந்தது. எளிமையார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மனைவி மேடையேறி, ஒலிபெருக்கியோடு இணைத்த கைபேசியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். விரலால் இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு எளிமையாரைப் பார்த்தாள். பொத்தானின் அழகில் மயங்கி நிற்கிறாள் என்று நினைத்து அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

வேறு வழியில்லாமல் அவள் வட்டத்தை அமுக்கினாள். பழைய சுருதியில் இசை பொங்கி வந்தது. முதல் அடியை எப்படியோ பாடிவிட்டாள். இரண்டாம் அடி மேலே போகிற இடத்தில் குரல் கிழிந்தது. நிறுத்திவிட்டாள்.

பின் வரிசையில் சலசலப்பு எழுந்தது. பக்கத்துணைக்கு அது பாட்டாகக் கேட்டது. தொடர்ந்து வாசித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், மேளம் வலுத்தது. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து, “எல்லாரும் அமைதியா இருங்க!” என்று கத்தினார். புதிய பாடகர் வந்துவிட்டதாக எண்ணி மென்பொருள் கிட்டாரையும் இறக்கியது. அவர் மேலும் கத்த, அது மேலும் உற்சாகப்படுத்தியது. மனிதர் தம் வாழ்நாளில் இவ்வளவு தாளத்தோடு அதட்டியிருக்க மாட்டார்.

எளிமையார் மேடைக்கு ஓடினார்.

“எப்படிங்க இதை நிறுத்தறது?” என்றாள் மனைவி.

“எல்லாரும் சும்மா இருந்தா தானா நின்னுடும்.”

“சரி, சுருதியை எங்க குறைக்கறது? மூணாம் பக்கத்துல இருந்துச்சே?”

“அதை எடுத்துட்டோம். உலகத்துலேயே ஒரே ஒருத்தர்தான் அதை…”

சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டார். அவள் கழுத்தில் இருந்த தையல் தழும்பு மேடை விளக்கில் பளிச்சென்று தெரிந்தது.

“அது நீயா?”

“வேற யாரு?”

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆயிற்று. கூட்டத்தில் தாம் அடித்த நகைச்சுவை ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. சுவர்ப் பக்கம் ஓடி, கண்ணில் பட்ட சுவிட்சை அணைத்தார். அந்த அரங்கிலும் யாரோ எளிமையாக்கியிருக்கிறார்கள் போலும். விளக்கு, விசிறி, மைக், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ஒரே சுவிட்சுதான். மொத்தமும் அணைந்தது. திகைப்பில் கூட்டம் வாயடைத்துப் போயிற்று. அமைதி கிடைத்ததும் பக்கத்துணை தானாக நின்றது. எதிர்பார்த்தபடியே வேலை செய்தது என்று சொல்ல வேண்டும்.

அந்த இருட்டில், ஒலிபெருக்கி அணைந்து கிடக்க, பின்னால் ஒன்றும் இல்லாமல், தன் தணிந்த குரலில் அவள் முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். குரல் பழையபடி இல்லை. ஆனால் நன்றாக இருந்தது. கூடுதல் ஆழமாக இருந்தது. ஒரு வருடமாகத் தன் வீட்டில் என்ன இல்லாமல் இருந்தது என்பது எளிமையாருக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு முடியும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியைக் குத்து குத்தென்று குத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“புகார் குடுக்கறேன். ‘நன்றி’ன்னு ஒரு பட்டன்தான் இருக்கு. அதையே அமுக்கறேன். கோபமாத்தான் அமுக்கறேன். அது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றார் எளிமையார். அன்று அவர் சொன்னதில் நேர்மையான வார்த்தை அதுதான். “நாளைக்கு அந்த சுருதி பட்டனைத் திரும்ப வைக்காம நான் வீட்டுக்கு வரமாட்டேன்.”

மறுநாள் மேலாளர் அம்மா பூங்கொத்தோடு அலுவலக வாசலிலேயே நின்றிருந்தார். “ஒரே பயனர்கிட்டேருந்து இவ்வளவு நன்றி நம்ம சரித்திரத்துலேயே வந்ததில்ல!”

“மேடம், அது என் மனைவி. கோபத்துல அமுக்கினது.”

மேலாளர் அம்மா சற்று யோசித்தார். “கோபத்துல இருக்கறவங்களே இவ்வளவு நன்றி சொன்னா, சந்தோஷமா இருக்கறவங்க எவ்வளவு சொல்வாங்க!”

“சுருதி பட்டனைத் திரும்ப வைக்கணும் மேடம்.”

“வெச்சுடலாம். முறைப்படி கருத்துப் பக்கம் வழியா அனுப்புங்க. அலுவலர்னா விதிவிலக்கு கிடையாது. நீங்க போட்ட விதிதானே?”

எளிமையார் இருக்கையில் போய் உட்கார்ந்து கருத்துப் பக்கத்தைத் திறந்தார். நன்றி என்று இருந்தது. அமுக்கினார். ‘உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி’ என்று பதில் வந்தது. அதுவும் அவர் எழுதிய வாசகம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அமுக்கினார்.

பக்கத்து மேசையிலும் டக் டக்கென்று சத்தம். புள்ளிவிவரம், சிவந்த கண்களோடு தன் கைபேசியைக் குத்திக்கொண்டிருந்தாள். “நேத்துலேருந்து எங்க வீட்டுல நிக்கல சார். குழந்தை அழுதா வாசிக்குது, வாசிச்சா குழந்தை அழுவுது.”

எதிர் மேசையிலும் டக் டக். சாத்திய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், மேலாளர் அம்மாவின் அறையிலிருந்து மெல்லிய மேளச் சத்தம் வந்தது. அவரும் குனிந்து ஒரே இடத்தில் விரலால் குத்திக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மீண்டும் கூட்டம். நன்றிகள் மலைபோல் குவிந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் அறிவித்தாள். பெரும்பகுதி இந்தக் கட்டடத்திலிருந்தே வந்தது என்பதை அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

“இவ்வளவு பேர் அமுக்கறாங்கன்னா, பாவம், விரல் என்னத்துக்கு ஆகும்?” என்றார் மேலாளர் அம்மா. “இனிமே நன்றி பட்டனும் வேண்டாம். நன்றி தானா வந்துடட்டும். பொறுப்பு நம்ம எளிமையாருக்கு. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

கைதட்டல் எழுந்தது. அதைக் கேட்டு, மேலாளர் அம்மாவின் கைப்பைக்குள்ளிருந்து மேளமும் கிட்டாரும் கிளம்பின.

அந்த நேரம் பார்த்து எளிமையாரின் மனைவி கூப்பிட்டாள். அவர் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். கைகள் இரண்டும் வேலையாக இருந்தன.

“என்னங்க, பட்டன் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க? அங்க என்ன அவ்வளவு சத்தம்?”

“ஒண்ணுமில்ல” என்றார் எளிமையார். “எல்லாரும் கைதட்டிக்கிட்டிருக்கோம்.”