அரை மில்லிமீட்டரால் கல்யாணத்துக்கு வர முடியாதது பற்றி

மதிப்பும் பயமும் கலந்த அன்புடன் அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நான் நலம். செயற்கைக்கோள்தான் கொஞ்சம் சரியில்லை. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"தாய்மாமன் நீயே வரலேன்னா, அப்புறம் எனக்குத் தம்பியே கிடையாது" என்று நீ போனில் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? நாங்கள் செய்வது பூமியின் ஈர்ப்பை இடத்துக்கு இடம் அளக்கும் செயற்கைக்கோள். அதன் நட்டநடுவில் ஓர் உலோகக் கட்டி எதையும் தொடாமல் மிதக்கும். மொத்த எடையின் மையமும் அந்தக் கட்டியிலேயே விழ வேண்டும், இல்லாவிட்டால் அளவெல்லாம் தப்பு. அதை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன மாதம் ஏற்றினால் மையம் அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது. எரிபொருள் தொட்டியைக் கழற்றினோம், சரியாக இருந்தது, கம்பிக் கட்டுகளை அவிழ்த்தோம், அதுவும் சரி, நானூற்றுப் பன்னிரண்டு திருகுகளை ஒவ்வொன்றாக எடை போட்டோம், பசை பூசுபவருக்குத் தாராளக் கை என்று சந்தேகப்பட்டோம், அவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை, எல்லாவற்றையும் மறுபடி பூட்டி ஏற்றினால் அதே அரை மில்லிமீட்டர், அதே பக்கம். மேடையில் கோளாறோ என்று ஒருவர் கேட்டார். மேடை சரி என்று கையெழுத்துப் போட்டவனே நான்தான் என்றேன், அதோடு அந்தப் பேச்சு நின்றது. "இது கிடைக்கிற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது, வீட்டுல கல்யாணமே ஆனாலும் சரி" என்றார் தலைமைப் பொறியாளர் அம்மா, என்னைப் பார்த்து.

அக்கா, மனசே ஆறவில்லை. என் விரலைப் பிடித்து நடை பழகிய பெண். நீ அனுப்பிய அழைப்பிதழை வேலை செய்யும் இடத்திலேயே வைத்திருக்கிறேன். ஒரு நாள்கூட அதைப் பிரிந்ததில்லை.

மணமக்கள் நீடூழி வாழட்டும். அத்தானுக்கு வணக்கம். மன்னிக்க முடியாவிட்டால் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கோளாறு கிடைத்துவிட்டது. செயற்கைக்கோளில் ஒரு குறையும் இல்லை, மேடைதான் சாய்ந்திருந்தது. அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்று இருந்தது. ஆடுகிறதே என்று கையில் கிடைத்ததை நான்தான் வைத்தேன். தலைமைப் பொறியாளர் அம்மா அதைப் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் நிதானமாகப் படித்தார். "உங்க அக்கா உங்களை அவசியம் வரச் சொல்லியிருக்காங்க" என்றார். நான் கேட்காமலே இரண்டு மாத விடுப்பும் கொடுத்துவிட்டார். வருகிறேன். அழைப்பிதழ் விசாரணைக் கோப்பில் இருப்பதால், கல்யாணம் என்றைக்கு என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு.