உலைக்குள் வைத்த விபூதி

திருத்தணி முருகனின் விபூதியை எண்ணூற்று முப்பது டிகிரிக்குச் சூடேற்றிய பக்தை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பக்தியில்தான் செய்தேன். (பக்தியைவிடத் திமிர் அதிகம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டிப்ளமோ முடித்துவிட்டு, அரக்கோணம் சாலையில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பீங்கானையும் உலோகத்தையும் ஒட்டுவதுதான் எங்கள் தொழில். பசை போட்டு அல்ல. பீங்கான் வளையத்துக்கும் உலோகக் குழலுக்கும் நடுவில் வெள்ளியும் செம்பும் கலந்த மெல்லிய தகட்டை வைத்து, காற்றில்லாத வெற்றிட உலைக்குள் உருக்க வேண்டும். வெறும் வெள்ளியும் செம்பும் பீங்கானைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு விலகிவிடும். அதனால் தகட்டில் துளி டைட்டானியம் சேர்ந்திருக்கும். அதுதான் பீங்கானை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதன்மேல் பரவவிடும்.

இந்த விளக்கத்தை யாரும் கேட்காமலேயே இரண்டு கல்யாணங்களிலும் ஒரு காதுகுத்திலும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பொறுமையாகக் கேட்டவர் நைனா, என் அப்பா, மட்டும்தான். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். தீர்ந்துபோகும் பாவு இழையோடு புதுப் பாவு இழையை ஒவ்வொன்றாக முடிந்து பழகிய கை அவருடையது.

"முடிச்சும் இல்லாம, பசையும் இல்லாம பீங்கானும் இரும்பும் ஒட்டிக்குமாம்மா?"

"ஆங் நைனா. இழுத்தா பீங்கான்தான் உடையும். ஒட்டு வுடாது."

மறுநாளே எங்கள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அக்கா வீட்டுக்காரர் ரயில்வேயில் இருக்கிறார், அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மட்டும் அசரவில்லை. "எங்க வூட்டு டீ கப்பு காது வுடைஞ்சு கெடக்குது. மொதல்ல அத்த ஒட்டிக் குடு, அப்பால பேசு" என்றார்.

இரண்டு வருஷம் பாகங்களைக் கழுவித் துடைக்கும் மேசையிலேயே இருந்தேன். பிறகு ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "புவனா, நாளைக்கு மூணு சாம்பிள் நீயே தனியா போடு. நாளான்னிக்குக் கஸ்டமர் நேர்ல வராரு. சரியா வந்தா இனிமே ஃபர்னஸ் உன் பொறுப்பு. இல்லன்னா திரும்பக் கழுவுற மேசைதான்."

அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. விஷயம் தெரிந்த நைனா காலையிலேயே திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, அர்ச்சனை செய்து, ஒரு பொட்டலம் விபூதியோடு பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார். "மிசினு மேல கொஞ்சம் வச்சுடும்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் பட்டறையில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. ஆயுத பூஜைக்கு உலையின் வெளிக்கதவில் எவ்வளவு சந்தனம், குங்குமம் வேண்டுமானாலும் அப்பலாம். உள்ளே மட்டும் விரல்ரேகைகூடப் படக்கூடாது. இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

கையுறை போட்டேன். எல்லாவற்றையும் மூன்று முறை கழுவினேன். அடுக்கி முடித்ததும்தான் அந்த யோசனை வந்தது. வெளியே வைத்தால் புண்ணியம் முதலாளியின் உலைக்குப் போய்விடும். என் மூன்று சாம்பிளுக்கு என்ன கிடைக்கும்? விபூதியைக் குழைத்து, அவை உட்கார்ந்த தட்டில், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பொட்டு வைத்தேன். கையுறையைக் கழற்றவில்லை. அவ்வளவு சுத்தம்!

சூடு ஏறும்போது வெற்றிடம் காட்டும் முள் ஒருமுறை துள்ளியது. வேறு நாளாக இருந்தால் பதறியிருப்பேன். அன்று, முருகன் உத்தரவு கொடுத்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை உலை ஆறியிருந்தது. கஸ்டமர் பக்கத்து இன்ஜினியர் வந்துவிட்டார். முதலாளியிடம் கேட்டு நைனாவையும் வரச் சொல்லியிருந்தேன். பைக்கில் அழைத்துவந்த பாவாவும் உள்ளே நுழைந்துவிட்டார். கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தேன். முதல் சாம்பிளைப் பீங்கான் பக்கமாகப் பிடித்து, நைனாவுக்குத் தெரியட்டும் என்று உயரத் தூக்கினேன்.

குழல் மட்டும் கீழே விழுந்தது. டங்!

இரண்டாவதை எடுத்தேன். டங். மூன்றாவதை எடுக்காமலாவது இருந்திருக்கலாம். உருகி உறைந்த தகடு குட்டிக் குட்டி வெள்ளி மணிகளாகத் தரையில் ஓடியது. பாவா ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மூக்குத்திக்கு ஆவும் போலக்கீதே."

முதலாளி தட்டைப் பார்த்தார். மூன்று கருகிய பொட்டுகள். "இன்னா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முன்னால் வந்துவிட்டார். "நான் குடுத்த விபூதிங்க. தப்பு எங்க மேலதாங்க. கொயந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க."

கைகூப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "இல்ல சார். நைனா வெளிய வைக்கத்தான் சொன்னாரு. உள்ள வச்சது நான்" என்றேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவே இல்லை.

முதலாளி என்னை விட்டுவிட்டு நைனாவுக்கு விளக்கினார். "டைட்டானியத்துக்கு ஆக்சிஜன்னா உசுருங்க. பீங்கானைப் பிடிக்கறதுக்காகத்தான் அதை உள்ள அனுப்பறோம். உங்க பொண்ணு வழியிலயே பிரசாதம் குடுத்துட்டா. அதுலேர்ந்து வந்த காத்தைத் தின்னுட்டு, வந்த வேலைய மறந்துடுச்சு."

இன்ஜினியர்தான் முதலில் சிரித்தார். அரக்கோணத்தில் இன்னும் மூன்று நாள் வேலை இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னார்.

உலையின் உட்புறம் முழுவதையும் நானே துடைத்தேன். வெறும் உலையைச் சூடேற்றி அழுக்கை விரட்டினேன். பிறகு புதிதாக மூன்று சாம்பிள் அடுக்கினேன். இந்த முறை முள் துள்ளவில்லை. துள்ளியிருந்தால் நானே நிறுத்தியிருப்பேன்.

நைனா மறுபடியும் வந்து மூலையில் நின்றுகொண்டார். இன்ஜினியர் ஒரு சாம்பிளை இழுவைக் கருவியில் மாட்டி இழுக்க இழுக்க, படீர் என்று சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், உடைந்தது பீங்கான். ஒட்டு அப்படியே இருந்தது. உடைந்த பீங்கானின் பாதி குழலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதை மூன்று கல்யாணத்தில் சொன்னாலும் தீராது. உலை என் கைக்கு வந்தது. இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

பாவா மட்டும் சும்மா இருப்பாரா? என் கல்யாண மேடையிலேயே, மாப்பிள்ளைக்கு விபூதி பூச வந்த அத்தையைப் பார்த்து, "அத்தை, வெளியவே வைங்க! உள்ள போச்சுன்னா ஒட்டாது!" என்று கத்தினார். இப்போதும் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் இந்த வசனம் வராமல் இருக்காது.

அந்த உடைந்த சாம்பிளை நைனா அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் அந்தக் கதையை எடுத்தாலும் எழுந்துபோய் அதை எடுத்துவந்து கையில் கொடுப்பார். "பேசினது போதும். இழுத்துப் பாரு."

பாவா ஒவ்வொரு பொங்கலுக்கும் இழுத்துப் பார்க்கிறார்.