கமாண்டர் அக்காவின் உத்தரவுகள்

இந்திய ராணுவத்துக்கு டில்லியிலிருந்து மட்டும்தான் உத்தரவு போகும் என்று நினைப்பவர்கள் எண்பதுகளில் திருமுல்லைவாயிலில் குடியிருந்திருக்க மாட்டார்கள். அங்கே என் பக்கத்துப் போர்ஷனிலிருந்து கமாண்டர் அக்கா வாரம் தவறாமல் உத்தரவு அனுப்பிக்கொண்டிருந்தார். புருஷன் அந்தோணி எங்கோ பனிமலையில் சாதாரணச் சிப்பாய். கமாண்டர் பட்டத்தை எங்கள் தெரு அவருடைய பொண்டாட்டிக்குத்தான் கொடுத்திருந்தது.

காதல் கடிதம் என்றால் கண்ணே, மணியே என்று ஒரு வார்த்தையாவது வேண்டாமா? அக்கா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதுவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"காதுல மப்ளர் சுத்திக்கோ. ஈர சாக்ஸோட தூங்குனேன்னு தெரிஞ்சுது, அங்கயே வந்து ஒதைப்பேன்."

அந்தோணியின் பதில் இரண்டே வரி. "உத்தரவு கமாண்டர். சுத்திக்கினேன்."

அதைக் குழாயடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டிவிட்டு, "இதெல்லாம் ஒரு லெட்டரா? இன்னும் நாலு வரி எழுதுனா பேனா தேஞ்சா பூடும்?" என்று திட்டுவார். திட்டும்போது முகத்தில் வெட்கம் வழியும். குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்க மாட்டார்.

ஒரு டிசம்பரில் கடிதம் நின்றது. கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஒருநாள் காலை அக்கா பையும் கையுமாக ஆவடி ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். கவுண்டரில் அந்தோணியின் விலாசத்தை நீட்டினார்.

"ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.வுக்கு ஒரு டிக்கெட் குடு நைனா."

"அது எங்கம்மா இருக்கு?"

"என்னாண்ட கேக்கறே? ரயில் உடறது நீதானே?"

வரிசையில் ஒரே சிரிப்பு. அது ஊரில்லை, ராணுவத் தபாலுக்கான நம்பர், எந்த இடம் என்று வெளியே சொல்லவே மாட்டார்கள் என்று கவுண்டர்க்காரர் பொறுமையாக விளக்கினார். அக்கா கேட்டுக்கொண்டே நின்றார்.

"அப்போ எம்புருஷன் ஊரே இல்லாத ஊர்லயா கீறாரு?"

யாரும் அப்புறம் சிரிக்கவில்லை.

அந்த வாரமே தந்தி வந்தது. பனிச்சரிவு. உடல் கிடைக்கவில்லை. அதிலும் ஊர் பெயர் இல்லை. அக்கா அழவில்லை. பேசவுமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அமைதியை என்னால் தாங்கவே முடியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அந்தோணியோடு இருந்த மதுரைப் பக்கத்துச் சிப்பாய் ஒருவன் அவருடைய டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தான். அக்கா பெட்டியைத் தொடவேயில்லை.

"மப்ளர் சுத்திகினு இருந்தாரா?"

"சுத்தியிருந்தாருக்கா. நாங்க எல்லாருமே சுத்தியிருந்தோம். உங்க லெட்டர் வந்தா அண்ணன் எங்கள வரிசையா நிக்க வச்சு வாசிப்பாரு. 'கமாண்டர் உத்தரவு, எவனும் ஈர சாக்ஸோட படுக்கக் கூடாது'ன்னுவாரு. நாங்க படுக்க மாட்டோம்க்கா."

அக்கா அப்போதுதான் உடைந்து அழுதார். தெருவே ஓடிவந்தது. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புறப்பட்டவனை நிறுத்தினார்.

"ரயில்ல காத்து அடிக்கும். காத மூடிகினு போ நைனா."

அவன் விறைப்பாக நின்றான். "உத்தரவு கமாண்டர்."

மழையில் நனைந்து வீடு திரும்பினால் நான் இன்றும் முதலில் சாக்ஸைத்தான் கழற்றுகிறேன், அக்கா. உங்கள் உத்தரவை மீற எனக்கும் மனசு வரவில்லை.