முயலுக்குப் போட்ட மொட்டை

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு முயலை மயக்கி, அதோட தொண்டையில மூச்சு விட ஒரு ரப்பர் குழாயைப் பொருத்திக் காட்டணும்.

எழுபதுகள்ல திருத்தணியில ஒரு காலேஜ்ல விலங்கியல் டிமான்ஸ்ட்ரேட்டரா இருந்தேன். தற்காலிக வேலை. மெட்ராஸ்ல இருந்து வர்ற ஆய்வாளர் இந்தச் சோதனையைப் பார்த்துத் தலையாட்டினா வேலை நிரந்தரம். இல்லேன்னா பள்ளிப்பட்டுல மாமனார் வீட்டுத் தறியில போய் உட்காரணும். எனக்குன்னு ஒரு தறியை அவர் ஏற்கெனவே துடைச்சு வெச்சிருந்தார். அவ்வளவு நம்பிக்கை என்மேல!

தொண்டையில குழாய் வைக்கணும்னா முதல்ல அங்க இருக்கிற முடியை மழிக்கணும். லேப்ல இருந்த சவரக் கத்தி துருப்பிடிச்சுக் கிடந்தது. அட்டெண்டர் முனிரத்தினம் மலையடிவாரத்துக்கு ஓடி, பக்தர்களுக்கு முடி எடுக்கிற ஒருத்தரைக் கையோட கூட்டிட்டு வந்துட்டார். அன்னைக்குக் கிருத்திகை வேற. மனுஷன் கடுகடுன்னு உட்கார்ந்து முயலை மடியில வெச்சுக்கிட்டார்.

பிரச்சினை எங்க டிபார்ட்மென்ட் ஹெட்டால வந்தது. முயலைப் பத்தி அலமாரி நிறையப் புத்தகம் வெச்சிருந்தார். முயலைத் தொட்டதில்லை.

"மயக்கறதுக்கு ஈதர்தான்யா! பஞ்சுல நனைச்சு மூக்குல வை. தொண்டை முடியை மட்டும் எடுத்தா போதும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "மூக்கை மூடிட்டு உட்கார்ந்தா தொண்டைக்குக் கை எப்படி சார் போகும்?"னு கேட்டேன். பெரிய மேதை!

"அப்ப காது நரம்புல ஊசி. காது முடியை எடு."

"மருந்து வேகமா ஏறிட்டா மூச்சே நின்னுடும் சார்."

"அப்ப வயித்துல ஊசி. வயித்து முடியை எடு."

"வயித்துல போட்டா எப்ப தூங்கும்னு சொல்ல முடியாதே சார்."

"அப்ப ஈதர்!"

செக்கு மாடு மாதிரி சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்தோம். ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷன் முயலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தார். கடைசியில பொறுமை போயிடுச்சு.

"இன்னா சார் இது? அங்க ஜனம் வரிசையில குந்திகினு கீது. ஒரே வார்த்தையா சொல்லு. மூணு கத்தரி பூ முடியா, முழு மொட்டையா?"

எனக்கும் எரிச்சல். "முழுசா எடுத்துடுப்பா! எங்க ஊசி போடறதுன்னு நாங்க அப்புறம் முடிவு பண்ணிக்கிறோம்"னு சொல்லிட்டேன். சொன்னப்ப அது ரொம்ப புத்திசாலித்தனமா வேற தெரிஞ்சுது.

ஹெட்டும் நானும் புத்தகம் பார்க்க உள்ளே போனோம். இன்னும் நல்லா சண்டை போட்டோம். வெளியே வந்து பார்த்தா முடி எடுக்கிறவர் கிளம்பிட்டார். மேசை மேல முயல். தலை, காது, தொண்டை, வயிறு எல்லாம் மழமழன்னு இருந்தது. உச்சி மண்டையில இருந்து கழுத்து வரைக்கும் மஞ்சளா சந்தனம்!

"முனிரத்தினம்! சந்தனம் யாரு பூசினது?"

"நான்தான் சார். மொட்டை போட்டா சந்தனம் தடவாம வுடலாமா? எரியுமில்ல?" அவர் கோவணம் கட்டாம விட்டதே பெரிசு.

திரும்பிப் பார்த்தா, ஹெட் ஷூவைக் கழட்டிக்கிட்டிருந்தார்.

"முருகனுக்கு முடி குடுத்த ஜீவன்யா இது! இது மேல கத்தி வைக்க நான் ஆளில்லை."

"சார், இது லேப் முயல் சார்!"

"நீ வேணா வை. உன் குடும்பம், உன் பாடு."

வெக்கிறேன் பாருன்னு கத்தியை எடுத்தேன். தினம் டீக்கடையில சாமியே இல்லைன்னு வாய் கிழியப் பேசுறவன் நான். முயல் சந்தனத் தலையோட என்னை நிமிர்ந்து பார்த்துது. போன மாசம் என் பையனும் மலையில மொட்டை போட்டுட்டு இப்படித்தான் முழிச்சான். கத்தியைக் கீழே வெச்சுட்டேன். பகுத்தறிவுக்கு அன்னைக்கு லீவு.

சரியா அப்பதான் ஆய்வாளர் உள்ளே வந்தார்.

"எந்த மயக்க முறை எடுத்திருக்கீங்க?"

ஹெட் கூசாம என்னைக் கை காட்டினார். அத்தனை நேரம் கத்தின வாய்!

"இன்னும்... முடிவு பண்ணலை சார்."

ஆய்வாளர் முயலையே பார்த்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். திட்டினாலும் பரவாயில்லை, கெஞ்சியாவது சமாளிக்கலாம். அவர் செருப்பைக் கழட்டிட்டு, முயல் தலையில இருந்து துளி சந்தனம் எடுத்து நெத்தியில வெச்சுக்கிட்டார்.

"கிருத்திகையும் அதுவுமா மலையேற நேரமில்லையேன்னு வருத்தப்பட்டுக்கிட்டே வந்தேங்க. முருகன் இங்கேயே வந்துட்டான்" என்றார். அப்புறம் அதே பக்தியோட, "சோதனை நடக்கலைன்னு எழுதிடறேன்" என்றார்.

அந்த முயலை இனிமே யாரும் தொடக் கூடாது, தினம் கீரை போடணும்னு அன்னைக்கே ஹெட் உத்தரவு போட்டார்.

அந்த வருஷம் எங்க டிபார்ட்மென்டுல நிரந்தரமானது முயல் மட்டும்தான்.