மாப்பிள்ளையைக் கிராமத்தில் விட்டுவரப் போன நாள்

முதலில் ஒரு விடுகதை. முள் இல்லாத கடிகாரம். சாவி கொடுத்தால் ஓடும், ஆனால் சாவித்துவாரம் கிடையாது. நிறுத்தப் பார்த்தால் இன்னும் பலமாக அடிக்கும். அது என்ன?

சேவல் என்று சொல்லிவிட்டீர்களா? சரிதான். ஆனால் அது பாதி விடை. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது யார் என்பது மீதிப் பாதி. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவருக்கே அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதமும் ஒரு பஸ் பயணமும் தேவைப்பட்டன.

அவருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், எறும்பின் கால் கொலுசைக்கூடக் கழற்றி மாட்டிவிடுவார். ஆனால் மூன்று மாதமாகக் கை நடுங்கியது. காரணம், தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாததற்குக் காரணம், மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்பது அவருடைய ஏழு வயது மகள் வளர்த்த சேவல். வந்தபோது உள்ளங்கையில் அடங்கிய குஞ்சு. இப்போதோ மூன்றாவது மாடி பால்கனியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எதிலும் திருப்தி இல்லாதவன் போல எல்லாரையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி உலாவியது. அந்த முறுக்குக்காகத்தான் அந்தப் பெயர்.

தினமும் விடியற்காலை நாலரைக்கு அது கூவும். மாடி மொத்தமும் எழுந்து சண்டைக்கு வந்துவிடுமே என்று அவர் போர்வையை உதறிவிட்டு ஓடுவார். கடையில் திருகு போட்டுவைத்திருந்த பழைய டப்பா ஒன்றில் நொய்யரிசி வைத்திருந்தார். அதைக் கலகலவென்று குலுக்கி ஒரு பிடி போடுவார். மாப்பிள்ளை வாயை மூடும். அதற்குள் அவருடைய தூக்கம் தெருமுனை தாண்டியிருக்கும். மனைவி மட்டும் அசையாமல் தூங்குவாள். பாவம், களைப்பு என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் கடையில் இடுக்கி நழுவி ஒரு குட்டித் திருகு பறந்தது. அவரும் இரண்டு வாடிக்கையாளர்களும் தரையில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. அன்றே முடிவெடுத்தார். கோழிக்காரம்மா என்று ஒருத்தி, கிராமத்திலிருந்து வந்து சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் வீட்டில் முப்பது கோழி. முப்பதோடு ஒன்று.

"ஞாயித்துக்கிழமை கிராமத்துக்குப் போறோம்! காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம். கோழிக்காரம்மா கடிகாரத்தையும் குடுத்த மாதிரி ஆச்சு."

"மாப்பிள்ளையும் வருதா?" என்றாள் மகள்.

"அவன் இல்லாமயா? அவனோட சொந்தக்காரங்க பூரா அங்கதானே இருக்காங்க."

மகளின் கண் நிறைந்தது. "விட்டுட்டு வரப்போறீங்களாப்பா?"

"சேச்சே! நீயே வந்து பாரு. அவன் எங்க இருக்கணும்னு நீ சொல்றியோ, அங்கதான் இருப்பான். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதை. பாப்பா காதுல நல்லா விழட்டும்."

சொன்னார்.

"சரிங்க. நீங்க சொன்னா சரி" என்றாள் மனைவி. பத்து வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் அவர் மடியில் கடிகாரம், மனைவி மடியில் கூடை. டிரைவர் ஹாரன் அடித்தபோதெல்லாம் கூடை பதில் சொன்னது.

"பாப்பா, அங்க பாரு, வயல்!"

"ம்."

"ஆடு பாரு, ஆடு!"

"ம்." மகள் கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோழிக்காரம்மாவின் முற்றத்தில் கூடையைத் திறந்தார்கள். மாப்பிள்ளை ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் யோசித்தது. ஒரு தடவை மண்ணைக் கிளறியது. அவ்வளவுதான், முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆறு கோழிகளுக்கு நடுவே போய், அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல உலாவ ஆரம்பித்துவிட்டது.

கோழிக்காரம்மா கடிகாரத்தைச் சுவரில் மாட்டினாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் மகள் முற்றத்துக்கு ஓடி, "மாப்பிள்ளை!" என்று கூப்பிட்டாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்தியா பாப்பா, அவனுக்கு எவ்வளவு சந்தோஷம்!" என்றார் அவர். அன்றிரவு எத்தனை தலையணை வைத்துத் தூங்கலாம் என்று உள்ளுக்குள் திட்டமே போட்டுவிட்டார்.

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அப்ப இங்கயே..." என்று ஆரம்பித்தாள்.

"இரு பாப்பா" என்றாள் மனைவி. கைப்பையைத் திறந்து திருகு டப்பாவை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். "ஏங்க, மூணு மாசம் தீனி போட்ட கை. கடைசியா ஒரு பிடி போட்டுட்டு வாங்க."

ஜெயித்தவருக்கு மனசு தாராளம். டப்பாவை வாங்கிக் குலுக்கினார்.

மாப்பிள்ளையின் கழுத்து நிமிர்ந்தது. ஆறு கோழிகளையும் அம்போவென்று விட்டுவிட்டு முற்றத்தைக் குறுக்கே கடந்து, ஒரு வாளியைக் கவிழ்த்து, அவருடைய செருப்பின் மேல் ஏறி நின்றது. பட்டப்பகல் ஒரு மணிக்கு, நாலரை மணிக் குரலில் கூவியது.

கோழிக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கூவினா அரிசின்னு பழக்கிட்டீங்களா? பின்ன ஏன் விடும்? இங்க கூவினா யாரு திரும்பிப் பாக்கறா? நாலு தடவை கத்திட்டு அதுவா அடங்கிடும். நல்லா சாவி குடுத்து வெச்சிருக்கீங்க, கடிகாரக்காரரே!"

அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"எழுந்துடறீங்க. எழுந்த கையோட குடத்துல தண்ணி பிடிச்சு வெச்சிடறீங்க. பாப்பா ஷூவுக்கும் பாலிஷ் போட்டுடறீங்க. நானும் ஆறு மணி வரைக்கும் நிம்மதியா தூங்கறேன். இதைப் போய் சொல்லுவாங்களா?"

"பாப்பா!" அவர் அவசரமாகக் குனிந்தார். "அந்தக் கோழிங்களைப் பாரு. பாவம், ஆறு பேரும் மாப்பிள்ளைக்காகக் காத்துக்கிட்டு..."

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்னீங்க" என்றாள் மனைவி. "இதோட ஒம்பது வார்த்தை ஆச்சு. நீ சொல்லு பாப்பா. மாப்பிள்ளை எங்க இருக்கணும்?"

மகள் கோழிகளைப் பார்த்தாள். அப்பாவின் செருப்பைப் பார்த்தாள். அதன் மேல் நின்றுகொண்டு, மூடிய டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அப்பா கட்டிலோட தலைமாட்டுல" என்றாள்.