ஒட்டகத்துக்கு ஒரு பாராசூட்

ஜூலை முப்பதாம் தேதி காலை, தேநீர்க் கிண்ணமும் கையுமாக நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இந்த வருடமும் மாமனார் ஊருக்குப் புல் அறுக்கப் போவதில்லை.

பதினோரு வருடமாக எடுத்துவரும் முடிவுதான். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் புதிதாக எடுக்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் என் மனைவி அனார்குல்லும் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்கிறாள்.

மாமனார் இருப்பது மலைப்பக்கம், நாரின் நகரத்துக்கும் அப்பால், அத்-பாஷியில். அவருக்கு நாற்பது ஆடு, ஆறு குதிரை, ஒரு மாப்பிள்ளை. ஆடும் குதிரையும் பனிக்காலத்தில் தின்ன, ஆகஸ்ட் முதல் வாரத்தில் புல் அறுத்து உலர்த்தியாக வேண்டும். மாப்பிள்ளை அதற்குத்தான். ஆளுயரப் பிடி போட்ட அரிவாளை இடுப்பை முறுக்கி முறுக்கி வீசவேண்டும். கல்யாணமான வருடம் ஒரே ஒரு தடவை போனேன். மூன்றாம் நாளே என் இடுப்பு பிஷ்கெக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. நான் இரண்டு நாள் கழித்து வந்து அதோடு சேர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்றி வருவது ஆகஸ்ட் இரண்டாம் தேதி. பாராசூட் படையில் இருந்தவர்களின் நாள் அது. நீலத் தொப்பியும் கோடு போட்ட பனியனும் மாட்டிக்கொண்டு பூங்காவில் கூடுவோம். தர்பூசணி வெட்டுவோம். கடைசியில் நீரூற்றில் குதிப்போம். படைவீரனை அன்றைக்குப் புல் அறுக்கக் கூப்பிடுவது எந்த மனைவிக்கும் அழகில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நான் பாராசூட் படையில் இருந்தது சத்தியம். சமையலறையில் இருந்தேன். ஒன்றரை வருடம் உருளைக்கிழங்கு உரித்தேன். நான் உரித்த கிழங்கைத் தின்றவர்கள் எல்லாரும் குதித்தார்கள். நான் குதித்தது அந்த நீரூற்றில் மட்டும்தான்.

அனார்குல்லிடம் முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னபோது, கிழங்கை மட்டும் விட்டுவிட்டேன். அப்போது எண்ணூறு மீட்டர் உயரத்திலிருந்து குதித்திருந்தேன். வருடா வருடம் சொல்லிச் சொல்லி, போன வருடம் நாலாயிரத்துக்குப் போய்விட்டேன். இறங்க வழி தெரியவில்லை.

"அப்பாவுக்கு முழங்கால் வீங்கிப் போயிருக்கு" என்றாள் அனார்குல், தையல் எந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு தையல் கூடத்துக்குக் கோட்டுகள் தைத்துக் கொடுக்கிறாள். "இந்த வருஷம் நீங்க வந்தே ஆகணும்."

"ஆகஸ்ட் ரெண்டு, அனார்குல்..."

"தெரியும். நீரூற்றுல குதிக்கணும்."

"அது ஒரு வீரனோட கடமை."

"குதிரைக்குப் பசிக்குமே, அது யாரோட கடமை?"

"மேகத்துக்கு மேல இருந்து குதிச்சவன் கையில அரிவாளைக் குடுக்கறியே, உனக்கு மனசு வருதா?"

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் அய்ஜமால் வந்து நின்றாள். ஆறு வயது. கக்கத்தில் அவளுடைய பஞ்சு ஒட்டகம் போத்தோ. இரட்டைத் திமில், ஒற்றைக் கண். இன்னொரு கண் எங்கே போனது என்று வாக்வம் கிளீனருக்குத்தான் தெரியும்.

"அப்பா, போத்தோவும் உங்கள மாதிரி குதிக்கணுமாம். பாராசூட் செஞ்சு குடுங்க."

"ஒட்டகமெல்லாம் குதிக்காது கண்ணு."

"ஏன் குதிக்காது?" என்றாள் அனார்குல். எந்திரம் நின்றது. "நாலாயிரம் மீட்டர்ல இருந்து குதிச்ச மனுஷன், அஞ்சாவது மாடியில இருந்து ஒரு ஒட்டகத்தை இறக்க மாட்டாரா? பத்திரமா இறக்கிக் காட்டுங்க. நீங்க பாட்டுக்குப் பூங்காவுக்குப் போங்க, நான் வாயே திறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். எனக்கோ பூங்காவும் தர்பூசணியும்தான் கண்ணில் தெரிந்தன. "இதென்ன பெரிய வேலை!" என்று சொல்லிவிட்டேன்.

குப்பை போடும் பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தேன். நாலு மூலையிலும் சணல் கட்டினேன். சணலின் மறுமுனையைப் போத்தோவின் வயிற்றில் சுற்றினேன். பால்கனிக்குப் போய், ராணுவக் குரலில் "தயார்!" என்றேன். அய்ஜமால் சல்யூட் அடித்தாள். விட்டேன்.

பை விரியவே இல்லை. போத்தோ கல் மாதிரி போனது. கீழே முற்றத்து மேசையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த எங்கள் கட்டடத்து சகின்பெக் அண்ணனின் ஆட்டத்துக்கு நடுவே போய் விழுந்தது. கட்டைகள் நாலா பக்கமும் பறந்தன.

"ஏ ஜுமாதில்!" கீழேயிருந்து குரல் வந்தது. "என்னப்பா இது, ஒட்டக மழையா?"

"பயிற்சி அண்ணே!"

"யாருக்கு, எனக்கா?"

"பாராசூட் பயிற்சி!"

"அப்படியா? இது குதிச்ச மாதிரி தெரியலியே தம்பி. யாரோ தள்ளிவிட்ட மாதிரியில்ல இருக்கு!"

முற்றமே சிரித்தது. நான் ஐந்து மாடி இறங்கி, ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு, ஐந்து மாடி ஏறினேன். லிஃப்ட் இல்லாத கட்டடம். படையில்கூட நான் இவ்வளவு பயிற்சி எடுத்ததில்லை.

"துணி வேணும்" என்றேன் மூச்சு வாங்க. அனார்குல், கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற வழுவழுப்பான துணியில் மிச்சம் விழுந்த துண்டு ஒன்றை நீட்டினாள். நல்ல நீல நிறம். ரொட்டித் தட்டை வைத்துச் சுற்றிப் பார்த்தேன், சின்னதாக இருந்தது. சோறு கிண்டும் பெரிய அண்டாவின் மூடியை வைத்து வட்டமாக வெட்டினேன். விளிம்பில் எட்டு இடத்தில் நூல். அளந்து, ஒரே நீளமாக வெட்டி, எட்டையும் ஒன்றாக முடிந்தேன். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அசல் பாராசூட் மாதிரியே இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகிவிட்டது. நிஜமாகவே நான் குதித்திருப்பேனோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

இந்தத் தடவை விரிந்தது. ஆனால் விரிந்ததும் ஆட ஆரம்பித்தது. கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் சித்தப்பா மாதிரி, இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து, மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு முட்டு முட்டி, குடை கவிழ்ந்து, தெருவோரத் தண்ணீர்க் கால்வாயில் போய் விழுந்தது.

"தம்பி, இப்போ நீச்சல் பயிற்சியா?" என்றார் சகின்பெக் அண்ணன்.

போத்தோவைப் பிழிந்தேன். வெயிலில் உலர்த்தினேன். அய்ஜமாலின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அனார்குல் வந்து துணியை விரித்துப் பார்த்தாள்.

"உச்சியில ஒரு ஓட்டை போடுங்க."

நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் வாய் விட்டுச் சிரித்தேன்.

"ஓட்டையா? பாராசூட்டுக்கா? இது என்ன மாவு சலிக்கிற சல்லடையா?"

"சும்மா சின்னதா..."

"அனார்குல், நீ கோட்டு தைக்கறவ. கோட்டைப் பத்திப் பேசு. நான் எத்தனை தடவை குதிச்சிருக்கேன்! ஒரு பாராசூட்டுலயாவது உச்சியில ஓட்டை பார்த்திருப்பேனா?"

"ஒண்ணுலகூடப் பார்த்ததில்லையா?"

"ஓட்டை இருந்தா காத்து போயிடும். காத்து போனா நானும் போயிருப்பேன். உனக்குப் புருஷனே இருந்திருக்க மாட்டான்!"

"அப்படியா" என்றாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு, உச்சியில் ஓட்டை போட்டேன். தேநீர்க் கிண்ணத்தின் அடிப்பக்கம் அளவுக்கு. அவள் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியது. அவள் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் தோன்றியது, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை விட்டேன். அடடா! நீலக் குடை பொட்டென்று விரிந்தது. ஆட்டமில்லை, அசைவில்லை. ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்த்தபடி, நிதானமாக, மரியாதையாக இறங்கியது போத்தோ. சகின்பெக் அண்ணன் எழுந்து நின்று கை தட்டினார். அய்ஜமால் என் காலைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா! எங்கப்பா!" என்று கூவினாள். அந்த ஒரு நிமிடம் நான் நாலாயிரம் மீட்டர் உயரத்தில்தான் இருந்தேன். என் கண் கலங்கியதையும் மறைக்கவில்லை.

அப்போது மலைப்பக்கமிருந்து மத்தியானக் காற்று அடித்தது. இரண்டாம் மாடி வரை இறங்கிவிட்ட போத்தோ, நின்றது. யோசித்தது. மேலே கிளம்பியது. என்னைக் கடந்து போகும்போது ஒரு பார்வை பார்த்தது. கூரைக்கு மேலே ஏறி, கட்டடத்துக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டது.

அய்ஜமால் வாயைத் திறந்தாள். அந்த அழுகை அத்-பாஷி வரைக்கும் கேட்டிருக்கும்.

"அழாத கண்ணு, அப்பா கொண்டு வர்றேன்!" என்று ஓடினேன். சகின்பெக் அண்ணனும் டோமினோவை விட்டுவிட்டுக் கூட வந்தார். பின்பக்கத் தெரு, பள்ளிக்கூட மைதானம், பாப்ளார் மரங்கள், ரொட்டிக்கடைக் கூரை, எங்கும் தேடினோம். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவரிடம், "நீலப் பாராசூட்ல ஒரு ஒட்டகம் போச்சா?" என்று கேட்டேன். அவர் என்னை மோந்து பார்த்தார். மூன்று மணி நேரம். ஒட்டகம் கிடைக்கவில்லை. பூங்காவை ஜெயிக்கப் போகிறேன் என்ற சந்தோஷம் எனக்கு எங்கேயோ போய்விட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் ஒரே கவலையாகிவிட்டது.

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியேறினேன். பின்னால் சகின்பெக் அண்ணன். மூன்றாம் மாடியில் இருக்கும்போதே மேலேயிருந்து அனார்குல்லின் குரல் கணீரென்று வந்தது.

"சுயுன்சு!"

எங்கள் ஊரில் நல்ல சேதி கொண்டுவருகிறவர் முதலில் இப்படித்தான் கூவ வேண்டும். கேட்பவர் பரிசு தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் சேதி. ஒப்புக்கொண்டபின் பின்வாங்கியவனை இந்தக் கட்டடத்தில் யாரும் தேநீருக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

"போத்தோவா? கிடைச்சிடுச்சா?"

"முதல்ல சுயுன்சு!"

"கேளு, என்ன வேணும்னாலும் கேளு!"

"என்ன வேணும்னாலுமா?"

"என்ன வேணும்னாலும்!"

"சகின்பெக் அண்ணே, காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சும்மா" என்றார் அந்தத் துரோகி.

உள்ளே போனேன். மேசையில் சூடான எண்ணெய்ப் பலகாரம் மலை மாதிரி குவிந்திருந்தது. அய்ஜமால் வாயெல்லாம் ஜாம். மடியில் போத்தோ, சற்றும் வெட்கமில்லாமல்.

"எங்க இருந்துச்சு?"

"அடுப்படி ஜன்னல்ல துணி காயப்போடற கொடியில" என்றாள் அனார்குல். "கூரையத் தாண்டி நேரா அங்கதான் வந்து தொங்குச்சு."

"எப்போ?"

"நீங்க படி இறங்கிட்டிருந்தீங்க."

"அப்போவே கூப்பிடறதுக்கென்ன?"

"கூப்பிட்டிருந்தா நீங்க எதுக்கு என்ன வேணும்னாலும் தர்றேன்னு சொல்லப்போறீங்க? சரி, என் பரிசு. நாளைக்குக் காலையில அத்-பாஷி பஸ்ஸு. ஒரு வாரம் புல்லு."

சகின்பெக் அண்ணன் இரண்டு பலகாரத்தை எடுத்துக்கொண்டு, "சாட்சி சொல்லணும்னா கூப்பிடும்மா" என்று இறங்கிப் போனார்.

எனக்குக் கடைசியாக ஒரு அம்பு இருந்தது. அவளை அடுப்படிக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அனார்குல், பரிசு தரமாட்டேன்னு சொல்லல. ஆனா நான் பாராசூட் வீரன். ரெண்டாம் தேதி..."

"உச்சியில ஓட்டையில்லாத பாராசூட்டா? அதை எந்தப் படையில குடுக்கறாங்க?"

 

அவள் அலமாரியிலிருந்து நூல்கண்டு வைக்கும் தகர டப்பாவை எடுத்துத் திறந்தாள். பொத்தான்களுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நீல பேட்ஜை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வெள்ளைப் பாராசூட் பொறித்தது. கூடவே ஒரு பழைய அட்டைப் புத்தகம். பறக்கும் கழகத்து முத்திரை. மூன்று குதிப்பு. எண்ணூறு, எண்ணூறு, ஆயிரம் மீட்டர். பெயர் அனார்குல். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம்.

புத்தகத்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். வெளியே அய்ஜமால் போத்தோவிடம், உன்னைவிட உயரத்திலிருந்து அப்பா குதித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"அவகிட்ட சொல்லிடுவியா?" என்றேன் மெல்ல.

"சொல்ல மாட்டேன். நீங்க வருஷா வருஷம் புல்லு அறுக்க வர்ற வரைக்கும்."

"பன்னெண்டு வருஷம், அனார்குல்! நீ குதிச்சதை ஒரு வார்த்தை சொல்லலியே!"

அவள் பேட்ஜை வாங்கிப் பொத்தான்களுக்கு அடியில் வைத்து, டப்பாவை மூடினாள்.

"நீங்க இன்னும் தரைக்கு வந்து சேரலியேன்னு காத்துட்டிருந்தேன்."